இரண்டு முக்கோணங்கள் சர்வசமமா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

அளவிலும் வடிவத்திலும் அப்படியே ஒத்த முக்கோணங்களைச் சர்வசம முக்கோணங்கள் என்கிறோம். இந்தச் சர்வசமக் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு விதிகள் நன்றாகவே தெரியும். ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம்) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இது எந்த விதி?" என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு கோணலாகிறது. எந்த முனைக்கு எந்த முனை ஜோடி என்பது தீர்ந்த பிறகே விதியைத் தொட வேண்டும். ஜோடி சரியாக அமைந்துவிட்டால் விதி தானாகவே கண்ணில் படும்.

கீழே உள்ள வரிசையை ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். முதல் சில கணக்குகளுக்கு எந்தப் படியையும் தாண்டாதீர்கள். பழகிய பிறகு 3, 4, 5 மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும்.

## 1. தொடங்கும் முன் வேண்டியவை

பென்சில், இரண்டு நிறப் பேனா, ஸ்கேல், கவராயம், பாகைமானி, கொஞ்சம் ரஃப் தாள். டிரேசிங் பேப்பர் ஒரு துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பாகைமானியும் ஸ்கேலும் 7-ஆம் படியில் வரும் சோதனைக்கு மட்டும்தான். கேள்வித்தாளில் உள்ள படத்தை அளந்து விடை சொல்லக் கூடாது. அந்தப் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை அல்ல; 50° என்று போட்டிருக்கும் கோணம் அளந்தால் 62° இருக்கலாம்.

முன்பே தெரிந்திருக்க வேண்டிய பாடங்கள் இவை: முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180°, இரண்டு கோடுகள் வெட்டும்போது குத்தெதிர் கோணங்கள் சமம், இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம், ஒரே வட்டத்தின் ஆரங்கள் சமம். இதில் ஏதாவது ஆட்டம் கண்டால் முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். சர்வசமக் கணக்கில் பாதி வேலையை இவைதான் செய்கின்றன.

இந்த வழிகாட்டியில் முதல் முக்கோணத்தின் முனைகளை க, ச, ட என்றும் இரண்டாவதை த, ந, ம என்றும் குறிக்கிறேன். கச என்றால் க-வையும் ச-வையும் இணைக்கும் பக்கம். ∠கசட என்றால் நடு எழுத்தான ச-வில் உள்ள கோணம். △ என்பது முக்கோணத்துக்கான குறி, ≅ என்பது சர்வசமத்துக்கான குறி.

## 2. கேள்வி என்ன கேட்கிறது என்று பாருங்கள்

மூன்று வகைக் கேள்விகள் வரும். தொடங்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

"இவை சர்வசமமா?" என்பது முதல் வகை. இதற்கு விடைகள் மூன்று: ஆம், இல்லை, கொடுத்த தகவல் போதாது. மூன்றாவது விடை இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். ஏதாவது ஒரு விதியில் திணித்துத்தான் ஆக வேண்டும் என்று நினைத்து இல்லாத சமத்தைக் கற்பனை செய்கிறார்கள்.

"△கசட ≅ △தநம என நிறுவுக" என்பது இரண்டாவது வகை. இதில் முனைகளின் ஜோடியைக் கேள்வியே சொல்லிவிடுகிறது: க-வுக்கு த, ச-வுக்கு ந, ட-வுக்கு ம. இலவசமாகக் கிடைத்த தகவல் அது, பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வகையில் முக்கோணம் என்ற சொல்லே வராது. "இந்த இரண்டு கோடுகளும் சமம் என நிறுவுக" என்று மட்டும் இருக்கும். அந்தக் கோடுகளைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணங்களை நீங்கள்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். 9-ஆம் படியில் இதை விரிவாகப் பார்ப்போம்.

## 3. கொடுத்ததைப் படத்தில் ஏற்றுங்கள்

கேள்வியை ஒரு முறை படித்துவிட்டு, இரண்டாம் முறை படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறி போடுங்கள். சமமான பக்கங்களுக்கு ஒரே மாதிரிச் சிறு கோடு, அடுத்த ஜோடிக்கு இரட்டைக் கோடு. கோணங்களுக்கு ஒற்றை வில், இரட்டை வில். இணைகோடுகளுக்கு அம்புக்குறி.

வாக்கியத்தை அப்படியே குறியாக்க முடியாதபோது முதலில் சமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். "ம என்பது கச-வின் மையப்புள்ளி" என்றால் கம = மச. "கத என்பது ∠க-வின் இருசமவெட்டி" என்றால் ∠சகத = ∠டகத. "செங்குத்து" என்றால் இரண்டு பக்கமும் 90°. இதில் ஒரு வழுக்கல் உண்டு: இருசமவெட்டி கோணத்தைத்தான் பாதியாக்குகிறது, எதிர்ப்பக்கத்தை அல்ல. குத்துக்கோடு 90° தருகிறது. அது எதையும் பாதியாக்குவதாக யாரும் சொல்லவில்லை.

நிரூபிக்கச் சொன்ன சமத்துக்கு மட்டும் குறி போடாதீர்கள். போட்டால் ஐந்து நிமிடம் கழித்து அது கொடுக்கப்பட்டதா, நிரூபிக்க வேண்டியதா என்று உங்களுக்கே தெரியாது. அதை வேறு நிறத்தில் ஒரு கேள்விக்குறியோடு எழுதிவையுங்கள். இரண்டாவது பேனா கேட்டது இதற்குத்தான்.

## 4. சொல்லாமல் விட்ட சமங்களைத் தேடுங்கள்

கேள்வி பெரும்பாலும் இரண்டு சமங்களைக் கையில் தரும். மூன்றாவது படத்தில் ஒளிந்திருக்கும். இந்த வரிசையில் தேடுங்கள்:

முதலில் பொதுப்பக்கம். இரண்டு முக்கோணங்களும் ஒரு கோட்டைப் பகிர்ந்துகொண்டால் அது இரண்டுக்கும் சமம். அடுத்தது பொதுக்கோணம், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய முக்கோணங்களில் இது இருக்கும், கண் எளிதில் தவறவிடும். பிறகு குத்தெதிர் கோணங்கள்: படத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டுகின்றனவா? அம்புக்குறி போட்ட இணைகோடுகள் இருந்தால் ஒன்றுவிட்ட கோணங்கள். வட்டம் இருந்தால் ஆரங்கள். வட்ட மையத்திலிருந்து இரண்டு சம நாண்களின் முனைகளுக்குக் கோடு இழுத்தால் நான்கு ஆரங்கள் ஒரே அடியில் கிடைத்துவிடும்.

கடைசியாகக் கூட்டலும் கழித்தலும். ஒரே கோட்டின் மேல் ச, ட, ந, ம என்று புள்ளிகள் வரிசையாக இருந்து சட = நம என்று கொடுத்திருந்தால், நடுவிலுள்ள டந-வை இரண்டு பக்கமும் கூட்டி சந = டம என்று எழுதலாம். முக்கோணத்தின் பக்கம் சந-வாக இருக்கும்போது சட = நம என்பதை மட்டும் எழுதி விதியைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. எழுதிய துண்டு உண்மையில் அந்த முக்கோணத்தின் முழுப் பக்கம்தானா என்று ஒரு முறை பாருங்கள்.

கண்டுபிடித்த ஒவ்வொரு சமத்துக்கும் பக்கத்திலேயே காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "பார்த்தால் அப்படித் தெரிகிறது" என்பது காரணம் ஆகாது.

## 5. முனைகளை ஜோடி சேருங்கள்

மொத்த வேலையிலும் மெதுவாகச் செய்ய வேண்டிய படி இது.

சர்வசமம் என்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் அப்படியே பொருந்த வேண்டும். வைக்கும்போது ஒவ்வொரு முனையும் ஒரு குறிப்பிட்ட முனையின் மேல் உட்காரும். அந்தப் பொருத்தத்தில் எந்தப் பக்கம் எதன் மேல் விழுகிறதோ, அவை மட்டுமே சமமாக இருக்க வேண்டும். "இதில் ஒரு 12 இருக்கிறது, அதிலும் ஒரு 12 இருக்கிறது" என்பதற்கு மதிப்பே இல்லை.

நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 8, 12, 18 செ.மீ. இன்னொன்றின் பக்கங்கள் 12, 18, 27 செ.மீ. முதலாவதன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றரை மடங்காக்கினால் இரண்டாவது வந்துவிடுகிறது; ஆகவே இரண்டும் வடிவொத்தவை, மூன்று கோணங்களும் சமம். போதாததற்கு 12-ம் 18-ம் இரண்டிலும் இருக்கின்றன. முக்கோணத்துக்கு மொத்தமே மூன்று பக்கம், மூன்று கோணம். அந்த ஆறில் ஐந்து சமமாகிவிட்டன. இருந்தும் இவை சர்வசமம் இல்லை! காரணம், முதலாவதில் 12 என்பது நடுத்தரப் பக்கம், இரண்டாவதில் அதுவே மிகச் சிறிய பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் இல்லை.

ஜோடி சேர்க்க வழி இதுதான். சமம் என்று தெரிந்த கோணங்கள் இருந்தால் அவற்றின் முனைகளை முதலில் இணைத்துவிடுங்கள். கோணம் எதுவும் தெரியாமல் பக்கங்கள் மட்டும் தெரிந்தால், இரண்டு பக்கங்கள் சந்திக்கும் முனையைப் பிடியுங்கள்: ஒற்றைக் கோடு போட்ட பக்கமும் இரட்டைக் கோடு போட்ட பக்கமும் சந்திக்கும் முனை ஒன்றில் ச, மற்றதில் ம என்றால் ச-வுக்கு ஜோடி ம. ரஃப் தாளில் இப்படி எழுதுங்கள்:

க ↔ ந
ச ↔ ம
ட ↔ த

பிறகு அதே வரிசையில் பெயர்: △கசட ≅ △நமத. இரண்டாவது முக்கோணத்தின் பெயரை அகரவரிசையில் எழுத வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. முதல் எழுத்துக்கு நேர் முதல் எழுத்து, இரண்டாவதுக்கு நேர் இரண்டாவது. இதைப் பழகிவிட்டால் படத்தைப் பார்க்காமலேயே கச = நம, ∠ட = ∠த என்று வாசித்துவிடலாம்.

ஒரு முக்கோணம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருந்தால் கவலைப்படாதீர்கள். தாளைத் திருப்பிப் போட்டுப் பொருத்தினாலும் அது சர்வசமம்தான். சந்தேகமாக இருந்தால் டிரேசிங் பேப்பரில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

## 6. இப்போது விதி

கையில் மூன்று சமங்கள், ஜோடி சேர்ந்த முனைகள். இனி எது பொருந்துகிறது என்று பார்க்கலாம்.

ப-ப-ப. மூன்று பக்கங்களும் சமம். மூன்று சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணியாக அடித்து முக்கோணமாக்கினால் அது அசையாது; நான்கு சட்டம் என்றால் சாய்ந்துவிடும். நீளங்கள் மூன்றும் முடிவானால் கோணங்களும் முடிவாகிவிடுகின்றன என்பதுதான் இதன் அடிப்படை. எண்களாகக் கொடுத்திருந்தால் இரண்டையும் ஏறுவரிசையில் எழுதி ஒப்பிடுங்கள், அவ்வளவுதான்.

ப-கோ-ப. இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையே உள்ள கோணமும். "இடையே" என்பதில்தான் மதிப்பெண் போகிறது. எழுத்துகளை வைத்தே சரிபார்க்கலாம்: கச, சட என்ற பக்கங்களில் பொது எழுத்து ச. ஆகவே கோணம் ∠ச-வாக மட்டுமே இருக்க வேண்டும். ∠க அல்லது ∠ட கொடுத்திருந்தால் இந்த விதி இல்லை.

கோ-ப-கோ. இரண்டு கோணங்களும் நடுவிலுள்ள பக்கமும். இங்கே எழுத்துச் சோதனை தலைகீழ்: கோணங்கள் ∠க, ∠ட என்றால் பக்கம் கட.

கோ-கோ-ப. பக்கம் நடுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதை 180°-லிருந்து கழித்து எடுத்துவிடலாம். அப்போது அது கோ-ப-கோ ஆகிவிடும். ஆனால் அந்தப் பக்கம் இரண்டு முக்கோணங்களிலும் ஒரே அளவுக் கோணத்துக்கு எதிரே இருக்க வேண்டும். ஒன்றில் 40°-க்கு எதிரே 5 செ.மீ., மற்றதில் 60°-க்கு எதிரே 5 செ.மீ. என்றால் இரண்டும் வேறு வேறு முக்கோணங்கள்.

இங்கே ஒரு மாதிரி. △கசட-வில் ∠க = 50°, ∠ச = 60°, கச = 6 செ.மீ. △தநம-வில் ∠த = 70°, ∠ந = 50°, நம = 6 செ.மீ. கோணங்கள் பொருந்தவில்லை என்று உடனே "இல்லை" எழுதிவிடாதீர்கள். ∠ம = 180° − 70° − 50° = 60°. இப்போது 50°-க்கும் 60°-க்கும் நடுவே உள்ள பக்கம் இரண்டிலும் 6. எனவே க ↔ ந, ச ↔ ம, ட ↔ த. △கசட ≅ △நமத, கோ-ப-கோ. கோணங்கள் இரண்டு தெரிந்தவுடன் மூன்றாவதைக் கண்டுபிடித்து எழுதிவிடுவதைப் பழக்கமாக வைத்துக்கொண்டால் இந்த வகைக் கணக்கில் சறுக்கவே மாட்டீர்கள்.

செ-க-ப. செங்கோணம், கர்ணம், ஒரு பக்கம். செங்கோண முக்கோணங்களுக்கு மட்டும். கர்ணமும் ஒரு பக்கமும் தெரிந்தால் பிதாகரஸ் தேற்றம் மூன்றாவது பக்கத்தைத் தந்துவிடும், அதனால் இது செல்லும். செங்கோணத்தைத் தாங்கும் இரண்டு பக்கங்களும் சமமாக இருந்தால் அது செ-க-ப அல்ல, சாதாரண ப-கோ-ப. ஒன்றில் கர்ணம் 4, மற்றதில் 4 என்பது தாங்கும் பக்கம் என்றால் சமமே கிடையாது: பக்கங்கள் 3, 4, கர்ணம் 5 என்பது ஒரு முக்கோணம், கர்ணம் 4, ஒரு பக்கம் 3 என்பது இன்னொன்று, அதன் மூன்றாவது பக்கம் √7.

## 7. விதி போலத் தோன்றும் இரண்டு

இரண்டு பக்கம், இடையில் இல்லாத ஒரு கோணம்: ப-ப-கோ. இது விதி இல்லை என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். அதனால் ஒரு முறை வரைந்து பாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

க-விலிருந்து கிடையாக 14 செ.மீ. கோடு இழுங்கள். க-வில் 30° கோணத்தில் மேல்நோக்கி ஒரு கோடு. அதில் 10 செ.மீ. தள்ளி ச என்று குறியுங்கள். கவராயத்தில் 6 செ.மீ. எடுத்து, ச-வை மையமாக வைத்து வில் வரையுங்கள். அது கீழ்க்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும்: க-விலிருந்து ஏறத்தாழ 5.3 செ.மீ. தொலைவில் ஓர் இடம், ஏறத்தாழ 12 செ.மீ. தொலைவில் இன்னோர் இடம். அவற்றுக்கு ட, த என்று பெயர் வையுங்கள். △கசட, △கசத இரண்டிலும் 30° இருக்கிறது, 10 இருக்கிறது, 6 இருக்கிறது. ஆனால் ஒன்று மற்றதற்குள் அடங்கிக் கிடக்கிறது.

இன்னும் கொஞ்சம் விளையாடலாம். கவராயத்தை 5 செ.மீ. ஆக்குங்கள், வில் கோட்டைத் தொட்டுக்கொண்டு போகும், ஒரே ஒரு செங்கோண முக்கோணம். 4 செ.மீ. ஆக்கினால் கோட்டை எட்டவே எட்டாது. கீழ்க்கோட்டை வலப்பக்கம் நீட்டிக்கொண்டு 10 அல்லது அதற்கு மேல் வைத்தால் மறுபடி ஒரே முக்கோணம்தான். அதாவது, கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும்போதுதான் இந்தக் குழப்பம் வருகிறது. கோணம் 90° என்றால் எதிரே உள்ளது கர்ணம், அதுதான் மிகப் பெரிய பக்கம்; குழப்பத்துக்கு வழியே இல்லை. செ-க-ப மட்டும் விதியாக நிற்பது இந்தக் காரணத்தால்தான்.

இன்னொன்று கோ-கோ-கோ. உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள 30°-60°-90° மூலைமட்டத்தையும் ஆசிரியர் கரும்பலகையில் வைக்கும் பெரிய மூலைமட்டத்தையும் பாருங்கள். கோணங்கள் அதே, அளவு வேறு. கோணங்கள் மூன்றும் வடிவத்தைச் சொல்லும். அளவைச் சொல்ல ஒரு பக்கமாவது வேண்டும்.

## 8. "இல்லை" என்று சொல்வதற்கும் சான்று வேண்டும்

எந்த விதியும் பொருந்தவில்லை என்பதால் சர்வசமம் இல்லை என்று ஆகிவிடாது. கச = தந, சட = நம என்று மட்டும் தெரிந்தால் இடையிலுள்ள கோணம் விரியலாம், சுருங்கலாம்; சர்வசமமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு. விடை: தகவல் போதாது.

"இல்லை" என்று எழுத வேண்டுமானால் பொருந்தாத ஒன்றைக் காட்ட வேண்டும். மிகப் பெரிய பக்கங்கள் வேறு, அல்லது ஒன்றில் விரிகோணம் இருக்கிறது மற்றதில் இல்லை, அல்லது பரப்பளவு வேறு. ஒரே ஒரு வேறுபாடு போதும்.

எதிர்த்திசையில் இது செல்லாது. பரப்பளவும் சுற்றளவும் சமமாக இருந்தால் சர்வசமம்தானே என்று கேட்பவர்களுக்கு: 29, 29, 40 பக்கங்களுள்ள முக்கோணத்தின் சுற்றளவு 98, பரப்பளவு 420. 37, 37, 24 பக்கங்களுள்ள முக்கோணத்தின் சுற்றளவும் 98, பரப்பளவும் 420. ஹெரான் சூத்திரத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அரைச்சுற்றளவு 49.

## 9. நிரூபணம் எழுதுதல்: ஒரு முழுக் கணக்கு

△கசட-வில் கச = கட. கச-வின் மையப்புள்ளி ம, கட-வின் மையப்புள்ளி ந. சந = டம என நிறுவுக.

எந்த முக்கோணங்களை எடுப்பது? சந-வைப் பக்கமாகக் கொண்டவை △கசந, △சடந. டம-வைப் பக்கமாகக் கொண்டவை △கடம, △டசம. இவற்றில் ஜோடி தேட வேண்டும். ஆனால் கண் போவது வேறு இடத்துக்கு: இரண்டு நடுக்கோடுகளும் வெட்டும் இடத்தில் இடமும் வலமுமாக உண்டாகும் சிறு முக்கோணங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருப்பதால் அவை வா வா என்று கூப்பிடும். அவற்றில் சந-வும் முழுதாக இல்லை, டம-வும் முழுதாக இல்லை. விட்டுவிடுங்கள்.

△கசந-வையும் △கடம-வையும் எடுக்கிறேன். ஏறிக்கிடக்கும் முக்கோணங்களைப் பக்கத்தில் தனித்தனியாக வரைந்துகொள்வது அவசியம். சோம்பல்பட்டு இதை விடுகிறவர்கள்தான் பொதுக்கோணத்தைத் தவறவிடுகிறார்கள். ஜோடி: க ↔ க, ச ↔ ட, ந ↔ ம.

கூற்று, காரணம் என்று எழுதினால் இப்படி வரும்:

கச = கட (கொடுக்கப்பட்டது)
∠சகந = ∠டகம (பொதுக்கோணம்)
கந = கம (சம பக்கங்களான கட, கச ஆகியவற்றின் பாதிகள்)
ஆகவே △கசந ≅ △கடம (ப-கோ-ப)
ஆகவே சந = டம (சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள்)

ஒவ்வொரு சமத்திலும் இடப்பக்கம் முதல் முக்கோணம், வலப்பக்கம் இரண்டாவது முக்கோணம் என்று கட்டுப்பாடாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வரிக்கு வரி மாற்றி எழுதினால் திருத்துபவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கே தடம் தவறும். பக்கம், கோணம், பக்கம் என்று விதியின் வரிசையிலேயே எழுதுவதும் நல்லது. கடைசி வரியைச் சர்வசமத்துக்கு முன்னால் எழுதினால் மொத்த நிரூபணமும் கவிழ்ந்துவிடும்.

△மசட, △நடச என்ற ஜோடியை எடுத்தாலும் விடை வரும். சட பொதுப்பக்கம், மச = நட, ஆனால் ∠ச = ∠ட என்பதற்கு இருசமபக்கத் தேற்றம் வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்; குறைவான சாமான்களோடு வேலை முடிகிறது. தவிர, அடுத்த உட்பிரிவில் "அடிக்கோணங்கள் சமம் என நிறுவுக" என்று கேட்டுவிட்டால் இரண்டாவது வழியில் போனவர்கள் வட்டமடிக்க நேரும்: எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே காரணமாகக் காட்டியிருப்பார்கள்.

## 10. முக்கோணம் இல்லாத இடத்தில் துணைக்கோடு

படத்தில் ஒரே முக்கோணம் அல்லது ஒரு நாற்கரம்தான் இருக்கிறது என்றால் ஒரு கோடு இழுத்து இரண்டாக்க வேண்டும். நாற்கரத்தில் மூலைவிட்டம் இழுங்கள். இரண்டில் எந்த மூலைவிட்டம் என்பது முக்கியம்: பட்டம் போல ஒரு முனையில் சந்திக்கும் இரண்டு பக்கங்கள் சமம், எதிர்முனையில் சந்திக்கும் இரண்டும் சமம் என்றால், அந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் கோடுதான் சர்வசம ஜோடி தரும். மற்றது இரண்டு இருசமபக்க முக்கோணங்களைத் தரும். அவை பொதுவாகச் சர்வசமம் இல்லை.

துணைக்கோட்டுக்கு ஒரு நிபந்தனை மட்டும் விதியுங்கள். கச = கட உள்ள முக்கோணத்தில் ∠ச = ∠ட என்று காட்ட, க-விலிருந்து கோண இருசமவெட்டி இழுத்தால் ப-கோ-ப; சட-வின் மையப்புள்ளிக்கு இழுத்தால் ப-ப-ப; சட-வுக்குச் செங்குத்தாக இழுத்தால் செ-க-ப. மூன்றும் சரி. "சட-வைச் செங்குத்தாக இருசமக்கூறிடும்படி க-விலிருந்து ஒரு கோடு வரைக" என்று எழுதினால் தப்பு. ஒரு புள்ளியிலிருந்து செங்குத்தாக இழுத்தால் அது எங்கே போய் விழுகிறதோ அங்கே விழும். நடுவில் விழும் என்று நீங்கள் கட்டளையிட முடியாது, நிரூபிக்கத்தான் வேண்டும்.

## 11. ஆயத்தொலைவுகள் கொடுத்திருந்தால்

இங்கே கோணத்தைத் தொடாதீர்கள், ப-ப-ப போதும். வர்க்கமூலம் எடுக்கவும் வேண்டாம். நீளங்களின் வர்க்கங்கள் சமம் என்றால் நீளங்களும் சமம். தசமத்தில் தோராயமாக்கினால் சமமில்லாதவை சமம் போலத் தெரியும்.

க(1, 1), ச(4, 2), ட(2, 5) ஒரு முக்கோணம். த(−1, −3), ந(−5, −2), ம(−2, 0) இன்னொன்று.

கச² = 9 + 1 = 10
சட² = 4 + 9 = 13
டக² = 1 + 16 = 17

தந² = 16 + 1 = 17
நம² = 9 + 4 = 13
மத² = 1 + 9 = 10

இரண்டிலும் 10, 13, 17. ஆகவே சர்வசமம். பலர் இங்கேயே பேனாவை வைத்துவிட்டு △கசட ≅ △தநம என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் கச = தந என்று பொருள், அதாவது 10 = 17. ஜோடியைப் பாருங்கள்: 10-ம் 17-ம் சந்திக்கும் முனை முதலாவதில் க, இரண்டாவதில் த. 10-ம் 13-ம் சந்திப்பது ச-விலும் ம-விலும். மிஞ்சியவை ட-வும் ந-வும். எனவே △கசட ≅ △தமந.

குறைக்குறி உள்ள எண்களைக் கழிக்கும்போது அடைப்புக்குறி போட்டு எழுதுங்கள்: −2 − (−5) = 3. ஆயத்தொலைவுக் கணக்கில் நான் பார்த்தவரை சர்வசமத்தில் தவறியவர்களைவிட இந்தக் கழித்தலில் தவறியவர்கள்தான் அதிகம். வர்க்கங்கள் பொருந்தாமல் போனால் "இல்லை" என்று எழுதுவதற்கு முன் பன்னிரண்டு கழித்தல்களையும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.